யாழ்ப்பாணமும் கொழும்பும்: தூரமும் பொழுதும்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம் என்று நம்மவர் ஒருவரை வினவினால், அவர் பெரும்பாலும் தூரத்தைக் கூறார், பொழுதையே கூறுவார். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு என்பார் ஒருவர். யாழ்தேவியில் ஏழு மணித்தியாலம் என்பார் மற்றொருவர். தூரத்தைக் கேட்டவனுக்குப் பொழுதை அளந்து கொடுத்தல் பிழையன்றோ என்று வகுப்பிலே மாணவர் சிலர் எம்மை மடக்குவதுண்டு. அது பிழையன்று, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தூரம் நிலத்தின் பாற்பட்டது, எளிதில் மாறாது. பொழுதோ வண்டியையும் வழியையும் காலத்தையும் பொறுத்து மாறுவது. நம் ஊருக்கும் தலைநகருக்கும் இடையிலே இப்பொழுது எங்ஙனம் சுருங்கியும் விரிந்தும் வந்துள்ளது என்பதைக் கணக்கோடு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் இவ்வழியைப் பன்முறை கடந்தவர். வேறு பலர் அதற்கு அப்பாலும் கடந்து கடல் சூழ்ந்த பிறநாடுகளில் வாழ்பவர். அவர்களுக்கு இங்குக் கூறுவன தெரிந்தவையாகத் தோன்றலாம். ஆனால் இப்போது கல்லூரியிற் பயிலும் மாணவர் 2009ஆம் ஆண்டையொட்டியும் அதன் பின்னும் பிறந்தவர். அவர்களை முன்னிருத்தியே எழுதுகின்றோம்.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். தமிழாசிரியருக்கு அதுவே கைவந்த வழி. தூரத்தைப் பொழுதால் அளத்தல் நம்மவர் புதிதாகப் பழகியதன்று. நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரத்துக்கு நாழிகைவழி என்று பெயர். மணிக்கு மூன்று மைல் நடப்பவன் ஒரு நாழிகையில் ஒரு மைலுக்குச் சற்று மிகுதியாக நடப்பான். கூப்பிடு தூரம் என்பது குரலால் அளந்த தூரம். காதம் என்பதைப் பத்து மைல் என்று அகராதிகள் பொதுவாகக் கூறும். ஆனால் இதனை எங்கும் அவ்வாறே கொள்ளுதல் ஆகாது. சிலப்பதிகாரத்திலே புகாரை விட்டுச் சிறிது வழியே நடந்து தளர்ந்த கண்ணகி, மதுரை மூதூர் எதுவென்று கேட்கின்றாள். முப்பது காதம் என்று கோவலன் கூறி, அஃது அண்மையில் உள்ளது என்றும் சேர்த்துக் கூறுகின்றான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மதுரைக்குப் படத்திலே நேர்கோடு இழுத்து அளந்தால் ஏறத்தாழ 145 மைல் வரும். அதனை முப்பதால் வகுத்தால் ஒரு காதம் ஐந்து மைலளவே ஆகின்றது. வழியின் வளைவுகளைக் கூட்டிக்கொண்டாலும் பத்து மைல் ஆகாது. முப்பது என்ற எண்ணைக் கோவலன் நிலத்தை நினைந்து கூறினான். அண்மை என்ற சொல்லை மனைவியின் கால்களை நினைந்து கூறினான்.

தொலைவு என்ற சொல்லிலே தொலைதலும் உண்டு. சேய் என்பது தூரத்தையும் குறிக்கும், பிள்ளையையும் குறிக்கும். இரண்டும் ஒரு வேரிற் பிறந்தன என்று யாம் வாதிட வரவில்லை. பிள்ளைகளைத் தொரன்ரோவிலும் இலண்டனிலும் வைத்துவிட்டு இங்கே தனித்திருக்கும் பெற்றோர் அகராதியின் அப்பக்கத்தைக் கண்டால் தாமே ஏதேனும் நினைத்துக்கொள்வர்.

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே மைலுக்குக் கட்டை என்று பெயர். வீதியோரத்தில் நாட்டிய மைற்கட்டையே அளவுக்கும் பெயராயிற்று. கிலோமீற்றர் வந்து பல்லாண்டுகள் ஆகியும் முதியோர் வாயில் இன்றுங் கட்டையே வழங்குகின்றது. இடப்பெயராகவும் அது நிலைத்துவிட்டது. கிளிநொச்சியிலே 155ஆம் கட்டை என்று ஓரிடம் உண்டு. மாணவரே, எங்கிருந்து எண்ணினால் அது 155? யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 40 மைல். ஆகவே இங்கிருந்து எண்ணியதன்று. கொழும்பிலிருந்து எண்ணினால் 200 மைலைத் தாண்டிவிடும். அங்கிருந்து எண்ணியதும் அன்று. அக்கட்டைகள் கண்டியிலிருந்து எண்ணப்பட்டவை. நம் நகரிலே அவ்வீதிக்குக் கண்டி வீதி என்ற பெயர் வழங்குவதும் அதனாலேயே. ஏ9 என்று அரசாங்கப் பட்டியலில் எண்ணிடப்பட்ட இவ்வீதி கண்டியிலே தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்கின்றது. ஏறத்தாழ 200 மைல், அஃதாவது 321 கிலோமீற்றர். கொழும்புக்குப் போகும் வீதி என்று நாம் நினைத்திருக்கும் வீதி கொழும்புக்குப் போவதேயில்லை. கொழும்புக்குச் செல்வோன் இடையிலே அதனை விட்டு விலக வேண்டும். மதவாச்சியைக் கடந்தபின் விலகி அநுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து புத்தளம் வழியாகவோ குருநாகல் வழியாகவோ செல்லலாம். அல்லது தம்புள்ளை வரை சென்று அங்கே குருநாகல் வீதியிற் சேரலாம். விலகும் இடத்துக்குத் தக்கபடி தூரமும் சில கிலோமீற்றர் கூடியுங் குறைந்தும் வரும். 396 கிலோமீற்றர் என்பது பெரிதும் வழங்கும் கணக்கு.

இனி வான்வழித் தூரத்தைக் காண்போம். இதற்கு விமானம் வேண்டா. தேசப்படமும் பென்சிலும் போதும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் உள்ளது. கொழும்பு 6 பாகை 56 கலையில் உள்ளது. நெடுங்கோட்டைப் பார்த்தால் யாழ்ப்பாணம் கிழக்கு 80 பாகை 1 கலை. கொழும்பு 79 பாகை 51 கலை. இரு நகரும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டின்மேல், ஒன்றன் நேர் வடக்கே மற்றொன்றாக அமைந்திருத்தல் நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. அகலக்கோட்டின் ஒரு கலை ஒரு கடல்மைலுக்குச் சமம். மாலுமியர் கடல்மைலை வகுத்துக்கொண்டதே இவ்வடிப்படையில்தான். 9 பாகை 40 கலையிலிருந்து 6 பாகை 56 கலையைக் கழித்தால் 2 பாகை 44 கலை எஞ்சும். அஃதாவது 164 கலை. ஆகவே 164 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர் ஆதலால், பெருக்கினால் ஏறத்தாழ 304 கிலோமீற்றர். நெடுங்கோட்டிலுள்ள பத்துக் கலை வேறுபாட்டைச் சேர்த்தாலும் இவ்விடை குறிப்பிடத்தக்க அளவு மாறாது. ஆறாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது. கணக்காசிரியர் எம் எல்லை மீறலைப் பொறுத்தருள்வாராக.

வானிலே 304, தரையிலே 396. வானில் நூறு கிலோமீற்றர் போவதற்குத் தரையில் நூற்றுமுப்பது போகின்றோம். கொழும்பிலிருந்து மேற்குக் கரையோரமாக நேரே வடக்கு நோக்கி வர முயல்வோனைப் புத்தளத்துக்கு அப்பால் வில்பத்துக் காடு மறிக்கும். ஆகவே வழி உள்நாட்டை நோக்கி அநுராதபுரத்துக்கு வளைகின்றது. அங்கிருந்து வடக்கே வந்தால் கடனீரேரி மறிக்கின்றது. குடாநாட்டை வன்னி நிலத்தோடு பிணைத்து நிற்பது ஆனையிறவு என்னும் ஒடுங்கிய வாயில். முற்காலத்தில் வன்னியிற் பிடித்த யானைகளை ஆழங்குறைந்த அந்நீரின் வழியே குடாநாட்டுக்குள் இறக்கி, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றினர். பெயர்க்காரணம் அதுவே. 2011ஆம் ஆண்டு சனவரியிலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பூநகரி வழியாக மன்னாருக்குச் செல்ல இரண்டாவது வாயிலொன்று கிடைத்தது. அதுவரை தரைவழிப் பெரும்போக்குவரத்து முழுவதும் அந்த ஒரே கழுத்தின் வழியாகவே நடந்தது. கழுத்து ஒன்றேயாயின் அதனை நெரித்தலும் எளிது. இதன் பொருளைப் பின்னர்க் காண்போம்.

இரும்புப் பாதை வருமுன் யாழ்ப்பாணத்தானுக்குக் கொழும்பைக் காட்டிலும் சோழநாட்டுக் கரையே பொழுதால் அண்மையது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை ஆகிய துறைகளிலிருந்து பாய்மரத் தோணிகள் மறுகரைக்குச் சென்று வந்தன. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் ஏறத்தாழ 60 கடல்மைல்; வாய்ப்பான காற்று அமைந்தால் ஓரிரவுப் பயணம். ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் சென்றார். 1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அக்காலத்து நம் முன்னோரின் மனப்படத்திலே சிதம்பரம் அயலூர், கொழும்பு தூரதேசம். காடும் மலேரியாக் காய்ச்சலும் நிறைந்த வன்னிவழியே இருநூறு மைல் மாட்டுவண்டியிற் போவதற்கு அஞ்சியதிலே வியப்பில்லை.

குடாநாட்டிலே புகைவண்டி 1902ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிற்று. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரிக்கு ஓடிய அவ்வண்டி, நாட்டின் ஏனைய பாதைகளோடு இணையாமலே மூன்றாண்டு காலம் தனியே ஓடிக்கொண்டிருந்தது. 1905ஆம் ஆண்டு சனவரியிலே உத்தியோகம் ஏற்க யாழ்ப்பாணம் வந்த லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கில இளைஞர், கொழும்பிலிருந்து அநுராதபுரம் வரை புகைவண்டியிலும், அதற்கு வடக்கே தபாற் பைகள் ஏற்றிய மாட்டுவண்டியிலும் வந்தார். பிற்காலத்தில் எழுத்தாளராகவும் நூல்வெளியீட்டாளராகவும் புகழ்பெற்ற அவர், தம் வாழ்க்கை வரலாற்றிலே அப்பயணத்தை விரிவாக எழுதியிருக்கின்றார். அவர் வந்த ஏழாம் மாதம், 1905 ஆகஸ்டிலே, கொழும்பு முதல் காங்கேசன்துறை வரை இருப்புப்பாதை முழுமை பெற்றது. மொத்தம் ஏறத்தாழ 410 கிலோமீற்றர். நாட்கணக்கு மணிக்கணக்காயிற்று. அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கொழும்பு சென்ற யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவின் வரலாறு இப்பாதையின் மேலேதான் எழுதப்பட்டது. குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு, விடுமுறைக்கு இரவுத் தபால் வண்டியில் வந்து, திரும்பவும் இரவு வண்டியிற் போகும் வாழ்க்கை அதனால் இயன்றது.

1956ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே யாழ்தேவி என்னும் கடுகதிப் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. ஏறத்தாழ ஏழு மணித்தியாலத்திற் பகலிலேயே கொழும்பை அடையலாம் என்பது அக்காலத்திற் பெரும் வியப்பு. விமானமோ அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த பலாலி நிலத்திலே, 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை இறங்கிற்று. இரத்மலானையிலிருந்து பலாலி, பலாலியிலிருந்து சென்னை என்பது அதன் வழி. அந்த டக்கோட்டா விமானங்களுள் ஒன்றுக்குச் சீதாதேவி என்று பெயர். வானிலே தேவி, பின்னர்த் தரையிலே தேவி! இரத்மலானையிலிருந்து பலாலி நேர்கோட்டில் ஏறத்தாழ 205 மைல். டக்கோட்டா மணிக்கு 160 மைல் அளவிற் பறப்பது. ஆகவே ஒன்றேகால் மணித்தியாலத்தை ஒட்டிய பயணம். அந்நாளிலே விமானத்தில் ஏறியோர் மிகச் சிலர் என்பதும் உண்மை. ஏனையோர் சென்னைக்குச் செல்வதாயின், தெற்கே மதவாச்சி வரை புகைவண்டியிற் சென்று, அங்கே வண்டி மாறி, மீண்டும் வடமேற்கே தலைமன்னாரை அடைந்து கப்பலேறுவர். 1914ஆம் ஆண்டு தொடங்கிய அக்கப்பல் 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அத்துறைக்கும், அதன்பின் 1980களின் முற்பகுதி வரை இராமேஸ்வரத்துக்கும் ஓடிற்று. வடக்கே போவதற்குத் தெற்கே புறப்படும் வழக்கம் அன்றே நமக்குப் பழகிவிட்டது.

இவ்வாறு நாளிலிருந்து மணியாகச் சுருங்கிவந்த பொழுது, எம் தலைமுறையின் இளமையிலே மீண்டும் விரிந்தது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது யாழ்தேவி நின்றது. ஆனையிறவு வழி அடைபட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர்க்கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. மக்கள் கிளாலிக் கரைக்குச் சென்று, கடனீரேரியை இரவிலே விளக்கின்றிச் சிறு வள்ளங்களிற் கடந்து, வன்னியை அடைந்து, வவுனியா எல்லையிலே சோதனைக்கு வரிசையில் நின்று, பின்னர்க் கொழும்பு சென்றனர். அந்நீரிலே சூடுபட்டும் வெட்டுண்டும் மூழ்கியும் இறந்தோர் பலர். வழியிலே இரு தரப்பினரின் அனுமதியும் வேண்டும். ஒரு தரப்பின் பாஸ் கிடைத்தால் மறு தரப்பின் சோதனை காத்திருக்கும். நல்ல வேளையாயின் இரண்டு மூன்று நாள், இல்லையேல் கிழமைக்கணக்கு. வூல்ஃப் மாட்டுவண்டியில் வந்த பொழுதிலும் இது நீண்டது என்பதை மாணவர் கணக்கிட்டுக் கொள்க. இத்தனைக்கும் தூரம் ஓரங்குலமேனும் கூடவில்லை.

1996ஆம் ஆண்டு தொடங்கி 2002 வரை அந்த வழியும் இல்லை. காங்கேசன்துறையிலோ பருத்தித்துறையிலோ கப்பலேறித் திருகோணமலைக்குச் செல்லலாம். அல்லது பலாலியில் விமானம் ஏறலாம். நோயாளர் கொழும்புக்குச் செல்வதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலுக்குப் பெயர் பதிந்து காத்திருந்தனர். 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலிலே வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். ஒன்றேகால் மணிப் பயணம் என்று மேலே எழுதினோம். அவர்களுக்கு அது முடியவேயில்லை. அக்காலத்திலே கொழும்பில் உத்தியோகம் பார்த்த மகன், யாழ்ப்பாணத்தில் இறந்த தந்தைக்குக் கொள்ளிவைக்க வந்துசேராத வீடுகள் நம் ஊர்களிற் பல. தொரன்ரோவிலிருந்த தம்பிக்கு அச்செய்தி முதலில் எட்டிய வீடுகளும் உண்டு. 304 கிலோமீற்றரில் இருந்தவன் 13,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தவனிலும் தூரத்தவனானான்.

2002ஆம் ஆண்டு ஏப்ரிலிலே கண்டி வீதி மீண்டும் திறந்தது. 2006 ஆகஸ்டிலே மூடிற்று. கப்பலும் விமானமும் மட்டுமே திரும்பவும் மிஞ்சின. போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலே படிப்படியாகத் திறந்தது. புகைவண்டியோ 2014 ஒக்டோபர் 13ஆம் நாள் யாழ்ப்பாண நிலையத்துக்கும், 2015 சனவரியிலே காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. எம் வயதினர் யாழ்தேவியைப் பத்து வயதளவிற் கடைசியாகக் கண்டு, முப்பத்தைந்தை அண்மிய வயதிலே மறுபடியுங் கண்டவர். இடையிலுள்ள ஆண்டுகளிலே நிலையமேடை ஆடு மேயும் இடமாயிருந்தது.

இனிச் சென்னைக் கணக்கு ஒன்று. இதனை மாணவர் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தல் நன்று. கட்டுநாயக்க விமான நிலையம் அகலக்கோடு 7 பாகை 11 கலை, நெடுங்கோடு 79 பாகை 53 கலை. சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலை, 80 பாகை 10 கலை. இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். அக்கோடு 9 பாகை 40 கலையைத் தாண்டும் இடத்தில் அதன் நெடுங்கோடு என்ன? 80 பாகை. யாழ்ப்பாணம் 80 பாகை 1 கலையில் உள்ளது என்று முன்னரே கண்டோம். ஆகவே கொழும்பிலிருந்து சென்னைக்கு இழுக்கும் நேர்கோடு நம் நகரின் மேலாகவே, பிசகினால் ஓரிரு மைல் அப்பாலே செல்கின்றது. போர்க்காலமும் அதற்குப் பின் பத்தாண்டும் பலாலியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் விமானம் இல்லை. நல்லூரிலிருந்து சென்னைக்குப் போகின்றவர் வானிலே இரவு முழுவதும் விழித்துத் தெற்கே கட்டுநாயக்கவை அடைந்து, அங்கிருந்து வடக்கே பறந்து, தம் வீட்டுக் கூரையின் மேலாகவே சென்னைக்குப் போவார். இங்கே வான் என்றது யாழ்ப்பாணத்தார் வாடகைக்கு அமர்த்தும் வான்வண்டியை, ஆகாயத்தையன்று. பலாலியிலிருந்து சென்னைக்கு அகலக்கோட்டு வேறுபாடு 3 பாகை 12 கலை. 192 கடல்மைல், ஏறத்தாழ 355 கிலோமீற்றர். அதற்காக அவர் கடந்ததோ 1,000 கிலோமீற்றர்.

2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிலே சென்னைச் சேவை தொடங்கிற்று. நான்கு மாதத்திற் கொரோனாத் தொற்றால் நின்று, 2022 டிசெம்பரிலே மீண்டும் தொடங்கிற்று. இருபுறமும் சுழலிகள் பூட்டிய சிறு விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவிற் பறப்பது. 355 கிலோமீற்றரை 500ஆல் வகுத்தால் 43 நிமிடம் வரும். ஆனால் அட்டவணையிற் குறிக்கும் பொழுது ஒன்றேகால் மணியை ஒட்டியது. ஓடுபாதையில் ஊர்தல், ஏறுதல், இறங்குதல் ஆகியவற்றிலே வேகம் குறைவதால் இவ்வேறுபாடு. தூரத்தை வேகத்தால் வகுத்தாற் பொழுது வரும் என்ற சூத்திரம் பொய்யன்று. எந்த வேகம் என்று கேளாமல் அதனைப் பயன்படுத்துதலே தவறு.

விளம்பரத்திலுள்ள ஒன்றேகால் மணியை மட்டும் நம்பி வீட்டிலிருந்து புறப்படுவோரும் உளர். வீட்டுப் படலை முதல் உறவினர் வீட்டுப் படலை வரை எண்ணுதலே முறையான கணக்கு. யாழ் நகரிலிருந்து பலாலிக்கு அரை மணி, முன்கூட்டியே சென்று காத்திருத்தல் இரண்டரை மணி, பறத்தல் ஒன்றேகால், குடிவரவும் பொதியெடுப்பும் முக்கால், சென்னை வீதிநெரிசலில் ஒரு மணி. கூட்டினால் ஆறு மணி. கட்டுநாயக்க வழியாயின், வானில் எட்டு மணி, காத்திருத்தல் மூன்று, பறத்தல் ஒன்றேகாலுக்குச் சற்று மேல், ஏனையவை ஒன்றேமுக்கால். பதினான்கு மணி. முழங்கால் நோவுடன் வேலூர் மருத்துவமனைக்குப் போகும் முதியவர் ஒருவருக்கு இந்த எட்டு மணித்தியாலம் என்ன என்பதைக் கணக்குப் புத்தகம் கூறாது.

ஒப்பிடும்போது ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிடுதல் வேண்டும். திருச்சிராப்பள்ளி வவுனியாவிலும் அண்மை என்று சிலர் பெருமையாகக் கூறுவர். வான்வழியிற் பலாலியிலிருந்து திருச்சி ஏறத்தாழ 184 கிலோமீற்றர். வவுனியாவோ வீதிவழியிலேயே 140தான். தம்புள்ளையிலும் அண்மை என்று கூறினால் ஒக்கும். அது நேர்கோட்டில் 220 கிலோமீற்றரைத் தாண்டும். கடல்வழியும் இப்போது உண்டு. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் 2023 ஒக்டோபரிலே தொடங்கிச் சில நாளில் நின்ற பயணிகள் கப்பல் 2024 ஆகஸ்டிலே மீண்டும் ஓடத் தொடங்கிற்று. 60 கடல்மைலுக்கு ஏறத்தாழ நான்கு மணி. பாய்மரத் தோணி காற்றைப் பார்த்தது. இக்கப்பலும் மழைக்காலக் கடலைப் பார்த்தே ஓடுகின்றது.

கொழும்பு வழிக்குத் திரும்புவோம். 1956ஆம் ஆண்டிலே யாழ்தேவிக்கு ஏழு மணி. போருக்குப் பின் பாதையைப் புதிதாக இட்டு ஓடவிட்ட வண்டிகளும் ஆறு முதல் எட்டு மணி வரையிலேயே ஓடின. 1964 ஒக்டோபரிலே சப்பானியர் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 515 கிலோமீற்றரை நான்கு மணியில் ஓடும் வண்டியை விட்டனர். இப்போது அது இரண்டரை மணிக்குள் ஓடுகின்றது. அவர்கள் செல்வம் வேறு, நம் செல்வம் வேறு என்பதை அறிவோம். எனினும் பொல்காவலைக்கு வடக்கே பெரும்பாலும் ஒற்றைப் பாதையே இருத்தலும், எதிர்வரும் வண்டிக்காக நிலையங்களிற் காத்து நிற்றலும் செல்வத்தை மட்டும் பொறுத்தவையல்ல. எழுபதாண்டில் நாம் ஈட்டியது, இழந்த ஏழு மணியை மீட்டெடுத்ததே. அதனைச் சிறிதென்று எண்ணுவோர் கிளாலியைக் கடவாதவர்.

ஈற்றில் மாணவர்க்குப் பயிற்சி. பருத்தித்துறையும் தெய்வேந்திரமுனையும் நம் தீவின் வடகோடியும் தென்கோடியும் ஆகும். இவற்றின் அகலக்கோடுகளைத் தேசப்படத்திற் கண்டு, இலங்கையின் நீளத்தைக் கடல்மைலிலும் கிலோமீற்றரிலும் கணிக்க. ஏ9 வீதியிலுள்ள கிலோமீற்றர்க் கற்களுள் மூன்றின் எண்ணை அடுத்த பயணத்திற் குறித்துவந்து, அவை எங்கிருந்து எண்ணப்பட்டவை என்பதை நிறுவுக. மூன்றாவதாக, வீட்டிலுள்ள மூத்தோர் ஐவரிடம் அவர்கள் கொழும்புக்கு முதன்முதற் சென்ற ஆண்டையும் வழியையும் எடுத்த பொழுதையும் கேட்டு, ஆண்டு வரிசையில் எழுதுக. வெளிநாட்டில் உறவினர் இருப்பின் தொலைபேசியிற் கேட்கலாம். அதற்கு இப்போது பொழுது வேண்டுவதில்லை. 1990க்கும் 2009க்கும் இடைப்பட்ட விடைகள் ஏனையவற்றோடு பொருந்தாமல் நீளும். அவற்றைத் தவறென்று கருதி வெட்டிவிட வேண்டா. கேட்டவாறே எழுதிக் கொணர்க.